ஹெம்ப் பயிரிடலாமா? முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் 2 ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது. "இண்டஸ்ட்ரியல் ஹெம்ப் என்பது நம்ம சணல்தான், போதை கிடையாது, அரசு அனுமதி உண்டு. விதை தருகிறோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் சொன்னதில் முதல் வரியே தவறு.

தமிழில் மூன்று செடிகள் ஒரே பெயருக்குள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. சாக்கும் கோணியும் தைக்கும் நார் சணல். ஜூட் என்கிறோமே, வங்காளத்துப் பயிர். பசுந்தாளுரமாக நம் வயலில் விதைத்து மடக்கி உழும் மஞ்சள் பூச்செடி சணப்பு. இது பயறு வகைக் குடும்பம், ஆங்கிலப் பெயர் சன் ஹெம்ப். பெயரில் ஹெம்ப் இருந்தாலும் ஹெம்ப்புக்கும் இதற்கும் உறவே கிடையாது. உண்மையான ஹெம்ப் கஞ்சாச் செடியேதான். போதைப்பொருளான டி.எச்.சி. குறைவாக இருக்கும்படி, நாருக்கும் விதைக்கும் என்று தேர்ந்தெடுத்த ரகங்களை அப்படி அழைக்கிறார்கள்.

"டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குக் கீழே, அதனால் சட்டப்படி சரி" என்று அடுத்ததாகச் சொல்வார். அந்த 0.3 அமெரிக்க, கனடா சட்டங்களின் கோடு. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் சதவீதம் பார்ப்பதில்லை. கன்னாபிஸ் இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் அதற்குக் கஞ்சாச் செடிதான். 8-ஆம் பிரிவு பயிரிடுவதைத் தடுக்கிறது. 20-ஆம் பிரிவின்படி தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நாருக்காகவோ விதைக்காகவோ மட்டும் பயிரிட அரசு தனி ஆணை மூலம் அனுமதிக்கலாம் என்று 14-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அந்த வழியில்தான் உத்தரகண்ட் 2018-ல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது, 0.3 வரம்பை வைத்ததும் அந்த மாநில உரிமத்தின் நிபந்தனைதான். தமிழ்நாட்டில் அப்படி ஓர் உரிமத் திட்டம் நடைமுறையில் இல்லை. வழக்கு என்று வந்தால் விதை கொடுத்தவர் எங்கோ இருப்பார். பட்டா உங்கள் பெயரில் இருக்கும்.

சிலர் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைக் காட்டி "அரசு அனுமதி" என்பார்கள். 2021 நவம்பரில் அந்த ஆணையம் ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க அனுமதித்தது உண்மை. ஆனால் அந்த விதை முளைக்கும் திறன் அற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. அது மளிகைக் கடைக்கான அனுமதி, வயலுக்கானது அல்ல.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் பயிர் கைகொடுக்காது. ஹெம்ப் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. ஐரோப்பிய நார் ரகங்கள் கோடையில் 14 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பகலில் தழைத்து ஆளுயரம் தாண்டி வளரும். பகல் குறையத் தொடங்கியதும் பூக்கும். நம்மூரில் ஜூனிலேயே பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது. அதனால் முளைத்த சில வாரங்களிலேயே பூ எடுத்து, குட்டையாக நின்றுவிடும். தண்டு நீளவில்லை என்றால் நார் எங்கிருந்து வரும்? தண்டு எடையில் நார் ஏறக்குறைய கால் பங்குதான். மீதி உள்ளிருக்கும் கட்டைச் சக்கை. அதைச் சுண்ணாம்போடு கலந்து சுவர் எழுப்புகிறார்கள், குதிரை லாயத்தில் பரப்புகிறார்கள். நாரையும் சக்கையையும் பிரிக்கும் ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால் இடத்தை அடைக்கும் தண்டை லாரியில் ஏற்றும் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

ஹெம்ப்புக்கு இந்தியாவில் வரலாறு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லோரா குகைகளின் மண்-சுண்ணாம்புப் பூச்சில் கஞ்சாச் செடியின் துணுக்குகள் கலந்திருப்பதை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உத்தரகண்ட் மலைக்கிராமங்களில் அதன் நாரில் முரட்டுத் துணி நெய்தார்கள். விதையில் சட்னி இன்றும் அரைக்கிறார்கள். பிரிட்டிஷ் கப்பற்படை ரஷ்ய ஹெம்ப் கயிற்றை நம்பி ஓடியது. நெப்போலியன் போர்க்காலத்தில் அந்த வரத்து நின்றுவிடுமோ என்ற பயம் வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் கண் நம் சணப்பின் மேல் விழுந்தது. கல்கத்தாவில் கம்பெனியின் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இந்திய நார்களை எடை கட்டித் தொங்கவிட்டு, எது எவ்வளவு தாங்கும் என்று சோதித்தார்.

உங்கள் நிலத்துக்கும் அந்தச் சணப்புதான் பொருத்தம். எந்த அனுமதியும் வேண்டாம். பசுந்தாளுக்கு ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ விதை. 45 நாளில், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். 60 நாளைத் தாண்டினால் தண்டு முற்றி மக்க மறுக்கும், மக்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். சரியான பருவத்தில் ஏக்கருக்கு 5 டன்னுக்கு மேல் பசுந்தழை கிடைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: இன்னொரு பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டு தாங்கும் தண்ணீரைச் சணப்பு தாங்காது. இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினால் வேர் போய்விடும்.

நாருக்கு என்றால் ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ நெருக்கி விதைக்க வேண்டும். இடம் கிடைத்தால் செடி கிளைக்கும்; கிளை பிரியும் இடத்தில் நார் அறும். நுனித் தண்டு துளைப்பான் என்ற புழு விழுந்தாலும் இதே கதிதான்: நுனி வீங்கிப் பக்கக் கிளை வெடிக்கும். சித்திரை, வைகாசியில் விதையுங்கள். சணப்பும் பகல் குறையும்போது பூக்கும் குறும்பகல் செடி என்பதால் ஆவணிக்குப் பிறகு போட்டால் உயரம் வராது.

சுமார் 90 நாளில் அறுத்து, இரண்டு நாள் வயலிலேயே வாடவிட்டு இலையை உதிர்த்துக் கட்டுங்கள். அடித்தண்டு தடிப்பு, நுனியோடு சேர்த்து ஊறாது. ஆகவே கட்டுகளை முதல் நாள் இரண்டடி நீரில் நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்கப்போட்டு முழுக்க அமிழ்த்துங்கள். பாரத்துக்குக் கல் வைக்கலாம். சேறும் வாழை மட்டையும் வேண்டாம், நார் கறுத்துவிடும். வெயில் காலத்தில் மூன்றாம் நாளிலிருந்து காலை மாலை ஒரு தண்டை எடுத்து அடியில் பட்டையை விரலால் தள்ளிப் பாருங்கள். கட்டையை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் பதம். பிய்ந்து வந்தால் இன்னும் ஊற வேண்டும். ஒரு நாள் கூடிப்போனால் நார் பஞ்சாகி இழுவை போய்விடும். உரித்து, அலசி, கொடியில் உலர்த்துங்கள். ஊறிய நீரில் உயிர்வளி தீர்ந்து மீன் செத்து மிதக்கும். குடிநீர்க் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் அருகில் இந்த வேலை ஆகாது. நார் வாங்க ஆள் இருக்கிறாரா என்று விதைக்கும் முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால் பசுந்தாள் விதை உற்பத்திதான் மேல். சணப்பு விதையை மாட்டுத் தீவனத்தில் கலக்காதீர்கள், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

விதை மூட்டை ஏற்கெனவே வந்திறங்கிவிட்டதா? ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். சணப்பு விதை கறுப்பு கலந்த பழுப்பில், சிறுநீரக வடிவில், தட்டையாகப் பளபளக்கும். ஹெம்ப் விதை மிளகைவிடச் சற்றுச் சிறிய உருண்டை; சாம்பல் பச்சை நிறம், மேலே வலைபோலக் கோடுகள். இரண்டாவது வகை என்றால் ஒன்றைக்கூட மண்ணில் போடாமல் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.