மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்: மீன்தொட்டி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "என்ன மருந்து போடலாம்?" என்றுதான் முடிகின்றன. மருந்தை அப்புறம் பார்க்கலாம். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், தொட்டி வைத்து எவ்வளவு நாள், கடைசியாக எப்போது எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள் என்ற நான்கையும் எழுதினால்தான் உருப்படியான பதில் சொல்ல முடியும். லிட்டர் தெரியாவிட்டால் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டடித் தொட்டி வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. எட்டு கோல்ட்ஃபிஷ் விட்டோம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் எல்லா மீனும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. மூன்று செத்துவிட்டன. கடையில் கொடுத்த நீல மருந்தைப் போட்டும் குணமில்லை. (திருப்பூர்)

மீதி ஐந்தைக் காப்பாற்ற முடியும், இன்றே தொடங்குங்கள். தண்ணீர் பளிங்கு போல இருப்பதை வைத்து ஏமாறக்கூடாது. அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது.

மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அமோனியாதான். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவதை வாராவாரம் தண்ணீர் மாற்றியே சமாளிக்கலாம். இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். உங்கள் தொட்டிக்கு இரண்டே வாரம்தான் ஆகிறது. அதற்குள் எட்டு தங்கமீன்களின் கழிவு சேர்ந்துவிட்டது.

நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான். செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருந்தால் நைட்ரைட் என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

செய்ய வேண்டியது: தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் ஆன்டி-குளோரின் சொட்டு போட்டுத்தான் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்துச் சேருங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். அடுத்தடுத்த நாட்களில் மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்பு போட்டால் போதும். ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓடட்டும். தீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் துளி. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பட்டால் இப்போதுதான் ஒட்டத் தொடங்கிய பாக்டீரியாவும் போய்விடும். நீல மருந்தை நிறுத்துங்கள். மெத்திலீன் புளூ தனிப் பாத்திரத்தில் வைத்து வைத்தியம் பார்க்க நல்ல மருந்துதான், ஆனால் ஃபில்டர் ஓடும் தொட்டியில் அதே பாக்டீரியாவைக் கெடுக்கும்.

அமோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். கூடவே பி.எச்சும் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) பாருங்கள். பி.எச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதே அளவு அமோனியாவின் நச்சு ஏறத்தாழ பத்து மடங்காகும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடையில் இரண்டு விரல் நீளம் இருக்கும் தங்கமீன் நன்றாக வளர்ந்தால் 15 சென்டிமீட்டரைத் தாண்டும். இரண்டடித் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர்தான் நிற்கும். எட்டு மீனை அதற்கு விற்றது தவறு. ஐந்து பிழைத்தாலும் பெரிய தொட்டிக்கு வழி பாருங்கள், அல்லது இடமுள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு உள்ளே வைக்கும் ஃபில்டர் 'ங்ங்' என்று சத்தம் மட்டும் போடுகிறது, தண்ணீர் வரவில்லை. மோட்டார் போய்விட்டதா? (சென்னை)

சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிமூடியைக் கழற்றுங்கள். உள்ளே காந்தத்தோடு ஒரு சின்ன விசிறி இருக்கும், அதுதான் இம்பெல்லர். அதை வெளியே இழுத்து அதிலும் அது உட்காரும் குழியிலும் படிந்த வழுவழுப்பையும் மணலையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். நடுக்கம்பி உடைந்திருக்கிறதா, விசிறி இறக்கை காந்தத்திலிருந்து கழன்று சுற்றுகிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் இம்பெல்லர் மட்டும் மாற்றினால் போதும். தண்ணீர் மட்டம் குறைந்து ஃபில்டர் காற்றை இழுத்தாலும் இதே தொல்லை வரும்.

கரண்ட் பல மணி நேரம் போயிருந்தால், மூடிய டப்பா வடிவ ஃபில்டரை அப்படியே திரும்ப ஓடவிடாதீர்கள். ஆக்சிஜன் இல்லாமல் உள்ளே அழுகிய தண்ணீர் நேரே தொட்டிக்குள் வரும். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து ஸ்பாஞ்சை அதில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

கரண்ட் போனால் ஏர் பம்ப் குழாய் வழியாகத் தண்ணீர் தரையில் கொட்டுகிறது. (மதுரை)

பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுவரில் மாட்டுங்கள். முடியாவிட்டால் ஏர் டியூபை நடுவில் வெட்டி ஒரு செக் வால்வைச் (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) செருகுங்கள், விலை மிகக் குறைவு. திசை மாற்றிப் போட்டால் காற்றே வராது, வாயால் ஊதிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

தொட்டிக்குள் கை வைத்தால் சுள்ளென்று லேசாக ஷாக் அடிக்கிறது. மீன் ஒன்றும் ஆகாமல் நன்றாக இருக்கிறது. விட்டுவிடலாமா? (நாகர்கோவில்)

விடவே கூடாது. இதைப் படித்ததும் போய் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். மீன் தண்ணீருக்குள்ளேயே மிதப்பதால் மின்சாரம் அதன் வழியே தரைக்குப் போக வழியில்லை. ஈரக்கையோடு தரையில் நிற்கும் நீங்கள்தான் அந்த வழி. லேசாக அடிப்பது எப்போது பலமாக அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலும் ஹீட்டர் கண்ணாடியில் கீறல் விட்டிருக்கும், அல்லது மோட்டார் ஒயர் மேல்தோல் உரிந்திருக்கும். எது என்று கண்டுபிடிக்க மறுபடி தண்ணீரில் கையை விட்டுப் பார்க்க வேண்டாம். ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். விரிசல் விட்ட ஹீட்டரை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள். வீட்டு லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

ஹீட்டர் வெடிப்பதற்கு வழக்கமான காரணமும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் மாற்றும்போது மட்டம் இறங்கி, சூடான கண்ணாடி வெளியே தெரியும். அதன்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதும் விரிசல். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். சொல்லப்போனால், நாகர்கோவில் வெயிலுக்கு வருஷத்தில் பெரும்பகுதி ஹீட்டரே தேவைப்படாது.

போர் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900 காட்டியது. அதனால் முழுக்க ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றினேன். இப்போது மோலிகள் இருந்த இடத்திலேயே உடம்பை ஆட்டி ஆட்டி நடுங்குகின்றன. (தூத்துக்குடி)

உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் மோலிக்கு அது பொருந்தவில்லை. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கடலோர ஓடைகளில், உப்பு கலந்த தண்ணீரில்கூட வாழும் மீன் இது. கடினத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் ஏறக்குறைய இல்லை. உடலின் உப்புச் சமநிலை குலைந்துதான் நடுங்குகிறது. பி.எச்சைப் பிடித்து நிறுத்தும் கார்பனேட்டும் இல்லாததால் பி.எச் திடீரென்று சரியவும் கூடும்.

பழைய போர் தண்ணீருக்கே திரும்புங்கள். ஒரே நாளில் வேண்டாம், ஐந்தில் ஒரு பங்காக ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் அந்தத் தண்ணீர் தோதானது. நியான் டெட்ரா வளர்க்க ஆசைப்பட்டால் அப்போது ஆர்.ஓ. கலப்பதைப் பற்றி யோசிக்கலாம். டி.டி.எஸ். பேனா தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். அது சுண்ணாம்பா, உப்பா, அமோனியாவா என்று அதற்குத் தெரியாது.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து போட்டேன். மூன்று நாளில் புள்ளி போய்விட்டது என்று நிறுத்தினேன். ஒரே வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பிவிட்டது. (சேலம்)

புள்ளி மறைந்தால் ஒட்டுண்ணி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதிர்ந்து மீனிடமிருந்து உதிர்ந்து, அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து அவற்றைக் கொல்லும். நீங்கள் நிறுத்தியது சரியாக அந்த நேரத்தில். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். அடிமணலை சைஃபன் வைத்து உறிஞ்சுங்கள். மீனுக்கு ஒத்துக்கொண்டால் வெப்பத்தை மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றுங்கள், ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும். வெப்பம் ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் ஸ்டோன் அவசியம். மருந்து போடும் நாட்களில் கார்பனை (கரியை) ஃபில்டரிலிருந்து எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

நான்கு ஏஞ்சல் மீன்கள் ஒற்றுமையாக இருந்தன. இப்போது இரண்டு சேர்ந்துகொண்டு மற்ற இரண்டை மூலையில் ஒடுக்குகின்றன. (தஞ்சாவூர்)

ஜோடி சேர்ந்துவிட்டது, வாழ்த்துகள். ஃபில்டர் குழாயையோ அகன்ற இலையையோ வாயால் சுத்தம் செய்கின்றனவா என்று பாருங்கள், அங்கேதான் முட்டையிடும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும், குஞ்சுகள் நீந்த இன்னும் சுமார் ஒரு வாரம் ஆகும். அதுவரை காவல் கடுமையாகத்தான் இருக்கும். மற்ற இரண்டையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், இடைத்தடுப்புக் கண்ணாடி போட்டாலும் சரி.

கோரிடோரஸ் திடீர் திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்குகிறது. (ஈரோடு)

அது அதன் வழக்கம், குடல் வழியாகவும் சுவாசிக்கும் மீன். எப்போதாவது போனால் கவலை இல்லை. எல்லாக் கோரிகளும் நிமிடத்துக்கு நிமிடம் போனால் அன்றே தண்ணீரை மாற்றி, அமோனியாவைச் சோதியுங்கள்.