விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட லேப்டாப் கடைகளில் ஏன் கண்ணில் படுவதில்லை? வாங்க ஆளே இல்லையா?

ஆள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கடையில் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

2007-இல் அசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி வந்தது நினைவிருக்கிறதா? 7 அங்குலத் திரை, உள்ளே ஸாண்ட்ரோஸ் என்ற லினக்ஸ். நன்றாகவே விற்றது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் லினக்ஸைத் தேடி வந்தவர்கள் அல்ல. சின்னதாக, மலிவாக ஒன்று கிடைத்ததே என்று வாங்கியவர்கள். அதனால் 2008-இல் மைக்ரோசாஃப்ட் இந்த வகைச் சிறு கணினிகளுக்கென்றே விண்டோஸ் எக்ஸ்பி விற்பனையை நீட்டித்ததும், காற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

நம்ம ஊரில் கதை இன்னும் வேறு. உபுண்டு என்ற லினக்ஸ் வகை போட்ட லேப்டாப் சில ஆயிரம் ரூபாய் குறைவு என்று எடுப்பார்கள். பில் போடும்போதே கடைக்காரர், "விண்டோஸ் ஏத்திக் கொடுத்துடட்டுமா சார்?" என்பார். டேலி கணக்கு மென்பொருள் ஓட வேண்டும், பிரின்டர் வேலை செய்ய வேண்டும். வாங்குபவரும் சரி என்பார். என் முதல் லேப்டாப்பும் அப்படித்தான் வந்தது. ஒரு முறைகூட உபுண்டுவைத் திறந்து பார்க்காமலே அழித்தார்கள், இன்றும் வருத்தம்தான்.

மறுபக்கம், லினக்ஸையே விரும்புபவர் விண்டோஸ் லேப்டாப்பை வாங்கி, வீட்டில் அழித்துவிட்டு லினக்ஸ் நிறுவுகிறார். அது விண்டோஸ் விற்பனையாகவே கணக்கில் ஏறுகிறது. ஆக, கடை விற்பனையை வைத்து உண்மையான தேவையை அளக்கவே முடியாது.

நீங்கள் வாங்கப் போனால் ஒரு பென்டிரைவில் உபுண்டு கொண்டுபோய், நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பை அங்கேயே இயக்கி வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் பாருங்கள். அப்புறம் பணம் கொடுங்கள்.