நம்மைச் செய்ய விடாத கேம்தான் நல்ல கேம்

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த வீடியோ கேம்களைப் பற்றி, மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாத உங்கள் கருத்து என்ன?

எனக்குப் பிடித்த எல்லா கேமுக்கும் சேர்த்து ஒரே கருத்துதான். ஒரு கேம் நம்மை எதையெல்லாம் செய்ய விடவில்லையோ, அதுதான் அந்த கேமைத் தூக்கி நிறுத்துகிறது. சீட் கோடு (தட்டினால் சலுகை தருகிற ரகசியச் சொல்), மோட் (ரசிகர்கள் செய்து சேர்க்கிற மாற்றம்), அன்லிமிடெட் மணி ஏபிகே (காசு தீராதபடி மாற்றிய போன் ஆப்) என்று தடையை எல்லாம் எடுத்துவிட்டால் பத்து நிமிடம் குஷியாக இருக்கும். அப்புறம் அந்த கேமைத் திறக்கவே தோன்றாது. இதை எங்கள் செட்டில் சொன்னால் ஒருத்தர்கூட ஒத்துக்கொள்வதில்லை. "கேம் விளையாடறதே ஜாலிக்குத்தானே, அதுலயும் ரூல்ஸா?" என்பார்கள். அந்த ஜாலி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு.

எனக்கு ஊர் சங்ககிரி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி, எங்கள் ஊரில் லாரி. சொந்தத்தில் யாராவது ஒருவர் லாரி ஓட்டுவார், இல்லை வைத்திருப்பார், அதுவும் இல்லை என்றால் பட்டறையில் வேலை பார்ப்பார். எனக்கு உயிரான கேம், ஐரோப்பாவில் லாரி ஓட்டி லோடு சேர்க்கிற யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்பதில் அதனால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. செக் நாட்டின் பிராகாவில் இருக்கிற எஸ்சிஎஸ் சாப்ட்வேர் 2012-ல் வெளியிட்டது. இன்றைக்கும் புதிது புதிதாக நாடுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த கேமைப் பற்றி யூடியூபில் தமிழில் தேடினால் வருவதெல்லாம் இந்தியா மேப், ஏர் ஹார்ன், வேகக் கட்டுப்பாட்டு லிமிட்டரை எடுத்துவிட்டு நூற்றைம்பதில் பறக்கிற வீடியோதான். எனக்கு அதில் துளியும் ஈர்ப்பு இல்லை. இந்த கேமின் உச்சம் லோடு இறக்குகிற இடத்தில் இருக்கிறது. குடோன் வாசலுக்குப் போனதும் மூன்று வழி காட்டும். பார்க்கிங்கைத் தாண்டிவிட்டுப் போகலாம், அதற்கு அனுபவப் புள்ளி கிடையாது. சுலபமான இடத்தில் விடலாம், கொஞ்சம் கிடைக்கும். சந்துக்குள் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றி, பச்சைக் கோட்டுக்குள் நேராக நிறுத்தினால் அதிகம் கிடைக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் தாண்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அத்தனை தூரம் ஓட்டி வந்து, வேலையின் கடைசி ஐம்பது அடியை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே வராது.

டிரெய்லர் ரிவர்ஸ் எடுப்பதை ஒரு தடவையாவது பொறுமையாகச் செய்து பாருங்கள். டிரெய்லரின் வால் இடது பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். வால் திரும்ப ஆரம்பித்த உடனே எதிர்ப் பக்கம் ஒடித்து, வண்டி டிரெய்லரின் பின்னால் தொடர்ந்து போகும்படி விட வேண்டும். அந்த ஒடிப்பு ஒரு நொடி தாமதித்தாலும் வண்டியும் டிரெய்லரும் மடங்கிக்கொள்ளும். அப்புறம் முன்னால் இழுத்து, நேராக்கி, முதலில் இருந்து வர வேண்டியதுதான். நிஜ குடோனில் கிளீனர் கீழே இறங்கி பாடியைத் தட்டித் தட்டி, "வா வா வா... ஒடி ஒடி... ஓல்டான்!" என்று கூப்பிடுவார். கேமில் அந்தக் குரல் இல்லை. இரண்டு கண்ணாடியும் நீங்களும்தான்.

லாரியில் வருடக்கணக்காக வடக்கே போய்வந்த என் மாமா ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது நான் இதை ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளிக் கேமராவை வைத்து, மேலிருந்து பார்த்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம் மாப்ள, வண்டிக்கு மேல காக்காயாட்டம் பறந்துட்டா ரிவர்ஸ் எடுப்பீங்க? கண்ணாடியப் பாருங்க" என்றார். "இல்லீங்க மாமா, கேம்ல அப்படியும் பாக்கலாம்" என்றேன். "பாக்கலாம்னா? அப்புறம் அதுல என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து கேபினுக்குள் இருந்துதான் ஓட்டுகிறேன். மேலிருந்து பார்க்க முடியாது என்று வைத்துக்கொண்டதும் ஒவ்வொரு குடோனும் தனித்தனி இடமாக ஆகிவிட்டது. எந்த முக்கில் தூண் இருக்கிறது, எங்கே சுவர் கண்ணாடியில் தெரியாது என்பதெல்லாம் மனதில் பதிய ஆரம்பித்தது.

இந்த கேமில் எனக்குப் பிடித்த நாடு பிரிட்டன். இதற்கும் ஆள் சேராது. ஆல்ப்ஸ் மலை, நார்வே கடலோரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிரிட்டனில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். பிரான்ஸின் கலேயில் கப்பல் ஏறி இங்கிலாந்தின் டோவரில் இறங்கியதும் சாலையே பக்கம் மாறிவிடும். அதுவரை வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை முதல் ரவுண்டானாவில் தடுமாறும். ஊரில் பைக் ஓட்டும் பழக்கமும், கேமில் வந்த பழக்கமும் அந்த இடத்தில் ஒன்றோடு ஒன்று மோதுகிற அனுபவத்தை எந்த மலைக் காட்சியும் எனக்குத் தரவில்லை.

இந்த கேமில் எனக்கு ஒரு குறை உண்டு என்றால், அது போதுமான அளவு தடுக்கவில்லை என்பதுதான். தூக்கம் வந்தால் டிரைவர் கொட்டாவி விடுவார், திரை இருண்டு இருண்டு வரும், எங்காவது நிறுத்தித் தூங்கியே ஆக வேண்டும். சிக்னல் மீறினால் அபராதம். அதெல்லாம் சரி. ஆனால் லோடு எப்போதும் தயாராக இருக்கிறது. நிஜத்தில் புக்கிங் ஆபீஸ் வாசலில் ரிட்டன் லோடுக்காக நாள் கணக்கில் படுத்துக் கிடப்பார்கள். தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டுவது தனி வேலை. இந்தக் காத்திருப்பைக் கொஞ்சமாவது கேமுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொன்னால், கூட விளையாடுபவர்கள் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வேண்டும். ஒரு லோடு கிடைத்த சந்தோஷம் அப்போதுதான் தெரியும்.

ரோட் ரேஷ் என்ற பைக் ரேஸ் கேம் பற்றி இரண்டே வரி. 1996-ல் கம்ப்யூட்டருக்கு வந்த அந்த கேமில் சங்கிலியால் அடிப்பதைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு, கீழே விழுந்தபின் எழுந்து பைக் கிடக்கிற இடத்துக்கு ஓடிப் போகிற அந்த நேரம்தான் கேமே. மற்றவர்கள் பக்கத்தில் சர்ர்ரென்று போய்க்கொண்டிருப்பார்கள், நாம் ஓடிக்கொண்டிருப்போம். விழுந்த உடனே பைக்கில் உட்கார வைத்திருந்தால் யாரும் விழாமல் ஓட்டக் கற்றிருக்க மாட்டோம்.

அடுத்தது பெரிய சண்டை. ஊரெல்லாம் வண்டியில் சுற்றி மிஷன் முடிக்கிற ஜிடிஏ கேம் வரிசையில் சான் ஆண்ட்ரியாஸைவிட வைஸ் சிட்டிதான் உயர்வு என்பது என் கட்சி. 2004-ல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் மூன்று நகரம், பாலைவனம், மலை, விமானம், ஜிம், சாப்பாடு எல்லாம் உண்டு. 2002-ல் வந்த வைஸ் சிட்டியில் இருப்பது நடுவே தண்ணீரும் இரண்டு பக்கம் நிலமும் மட்டும். ஆனால் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய எங்கள் வயதுக்காரர்கள் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடற்கரைச் சாலையில் போய்வருவோம். எந்த முக்கில் பெயின்ட் கடை, எந்தச் சந்தில் ஆயுதக் கடை என்று சொல்லிவிடுவோம். சான் ஆண்ட்ரியாஸில் எனக்கு அப்படித் தெரிந்தது ஆரம்பத் தெரு மட்டும்தான்.

வைஸ் சிட்டியில் நாம் ஆடுகிற நாயகன் டாமிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் முடிந்தது. புயல் எச்சரிக்கை என்று சொல்லி ஆரம்பத்தில் பாலத்தையும் அடைத்து வைத்திருப்பார்கள். எதிர்க் கரையில் விளக்கு தெரியும், போக முடியாது. பாலம் திறந்த அன்றைக்கு அந்தப் பக்கம் முதல் தடவை வண்டி ஓட்டிப் போன குதூகலம் இருக்கிறதே, மூன்று நகரம் கொடுத்த சான் ஆண்ட்ரியாஸில் எனக்கு அது கிடைக்கவில்லை. சென்டரில் மானிட்டர் பக்கத்தில் சீட் கோடு எழுதிய தாள் ஒட்டியிருக்கும். உட்கார்ந்த உடனே பேன்சர் என்று தட்டி டாங்கியை வரவழைப்பார்கள். டாங்கி வந்தபின் அந்த ஊரில் பயப்பட ஒன்றுமே இல்லை, ஊரையே பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வைஸ் சிட்டியில், கட்டிக்கொண்டிருக்கிற ஒரு கட்டடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி, ஒவ்வொன்றாக நான்கு குண்டு வைக்கிற மிஷன் இருக்கிறது. ஊர் உலகமே திட்டுகிற மிஷன் அது. பலர் கேமையே அதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கும். விசிறி சுவரில் உரசினால் பழுதாகும், நேரமோ ஓடிக்கொண்டிருக்கும், மாடிப்படி எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு சுற்று குண்டை எடுக்காமலே சும்மா பறந்து வழி பார்த்து வைத்துக்கொண்டால் போதும். குண்டைத் தூக்கின பிறகுதான் கடிகாரம் ஓடும். இது தெரிந்தவர்களுக்கு அந்த மிஷன் கஷ்டமே இல்லை. கேம் யோசிக்க நேரம் கொடுத்திருந்தது, நாம்தான் அவசரப்பட்டோம்.

அடுத்து, ஒரு நாகரிகத்தை எடுத்து ஊர் கட்டி, படை சேர்த்துப் போரிடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. மூல கேம் 1999-ல் வந்தது. புதுப் பதிப்புக்கு 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர்கள் என்று ஒரு நாகரிகத்தைக் கொடுத்தார்கள், கூடவே ராஜேந்திர சோழன் கேம்பெயினும் (கதையாகத் தொடர்கிற ஆட்டம்). நம் ஆட்கள் கேம்பெயினைக் கொண்டாடினார்கள். ஆனால் மற்றவர்களோடு மோதுகிற ஆட்டம் என்று வந்ததும், "நைட் (கவசக் குதிரை வீரன்) கிடையாது, ஒட்டகம் கிடையாது, திறந்த வெளி மேப்பில் தேறாது" என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அந்த நல்ல குதிரைப்படை இல்லாத குறைதான் பிடித்திருக்கிறது. தென்னாட்டு அரசர்கள் நல்ல குதிரைக்குக் கடல் கடந்து வருகிற வியாபாரிகளைத்தான் நம்பியிருந்தார்கள். கையில் முக்கியமாக இருப்பது காலாட்படையும் யானையும் கப்பலும் என்றால், ஆட்டத்தையே வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது. காலாட்படையை உருவாக்குகிற பேரக்ஸில் செய்கிற ஆராய்ச்சி எல்லாம் இவர்களுக்குப் பாதி விலை. அதனால் ஆரம்பத்தில் இருந்தே காலாட்படையை நம்பி ஆடலாம்.

கடைசி யுகம் வரை தாக்குப்பிடித்தால் கோட்டையில் வூட்ஸ் ஸ்டீல் என்ற ஆராய்ச்சி கிடைக்கும், அது தென்னாட்டில் மூசையில் உருக்கிச் செய்த எஃகின் பெயர். செய்துவிட்டால் எதிரியின் கவசம் நம் வாளுக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கொடுமணல் ஞாபகம் வரும். ஈரோடு மாவட்டத்தில், நொய்யலின் வட கரையில் இருக்கிற ஊர். சங்கப் பாடலில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்கிறார்கள். அங்கே அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குப்பியில், எஃகு செய்த தடயமும், குவியல் குவியலாக மணிக்கற்களும் கிடைத்தன. எங்கோ ஒரு நாட்டில் செய்த கேமில், கடைசி வரை பொறுத்தவனுக்குக் கிடைக்கிற பரிசாக எங்கள் பக்கத்து ஆற்றங்கரைத் தொழில் வந்து நிற்கிறது. எனக்கு இது கேம்பெயினைவிடப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

"அப்படியென்றால் பஸ் ஓட்டுகிற பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா கேமில் மட்டும் எதற்கு மோட் போட்டு விளையாடுகிறாய்?" என்று கமென்டில் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2017-ல் வந்த அந்த போன் கேமில் நம் பையன்கள் தனியார் பஸ் பாடியையும் பெயின்டையும் அச்சு அசலாகச் செய்து போடுகிறார்கள். ஈரோடு, கோபி, சத்தி என்று போர்டு எழுத்து, முன் கண்ணாடி மேல் சாமி பெயர், பின்னால் ஏணி வரை விடாமல் வரைகிற பையன்கள் உண்டு. அவர்கள் எந்தத் தடையையும் எடுக்கவில்லை, கேமில் இல்லாத உழைப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அதே பஸ்ஸுக்கு ராக்கெட் வேகம் கொடுக்கிற மோடும் இருக்கிறது. முதலாவது என் போனில் இருக்கும், இரண்டாவது இருக்காது.

தடை என்றால் எல்லாத் தடையும் நல்லது என்று நான் சொல்லவில்லை. கட்டடம் முடிய எட்டு மணி நேரம் காத்திரு, இல்லை என்றால் காசு கட்டு என்று கேட்கிற போன் கேம்கள் தனி ரகம். அங்கே தடையைத் தாண்டக் கை பழக வேண்டியதில்லை, பர்ஸ் திறந்தால் போதும். நாளைக்கு வந்தாலும் நீங்கள் அதே ஆள்தான். டிரெய்லர் ரிவர்ஸில் அப்படி இல்லை. நேற்று மடங்கிய இடத்தில் இன்று மடங்காமல் எடுத்தால், மாறியது உங்கள் கை.

யூரோ டிரக் இதுவரை ஓட்டாதவர்கள், அல்லது போர் அடித்து விட்டவர்கள், செட்டிங்ஸில் சிலவற்றை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். களைப்பு, போக்குவரத்து விதிமீறல் இரண்டும் ஆனில் இருக்கட்டும். ஏர் பிரேக்கை நிஜத்துக்கு நெருக்கமான நிலைக்கு மாற்றுங்கள். டிரெய்லர் சாயாமல் பிடித்து வைக்கிற டிரெய்லர் ஸ்டெபிலிட்டியை நன்றாகக் குறைத்துவிடுங்கள், அப்போதுதான் வளைவில் லோடின் எடை தெரியும். வெளிக் கேமரா பட்டனைத் தொடாதீர்கள். முதல் சில லோடு குட்டி டிரெய்லராக, கிட்டத்து ஊராக எடுங்கள். பார்க்கிங்கை மட்டும் தாண்டிவிட்டுப் போகாதீர்கள்.