பொம்மையைத் தினமும் கழுவ வேண்டுமா? குழந்தை மருத்துவரிடம் பெற்றோர் கேட்டவை

கேள்வி: டாக்டர், மகளுக்கு ஒன்பது மாதம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிறது. பொம்மைகளைத் தினமும் டெட்டால் தண்ணீரில் ஊறவைக்கிறேன். போதுமா?

பதில்: போதுமாவா? அதிகம். அலசியது சரியில்லையென்றால் அந்த மருந்தும் அவள் வாய்க்குள்தான் போகும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். எச்சில் பிசுபிசுத்தால் அன்றே. மற்றபடி வாரத்துக்கு இரண்டு முறை. குளியலறையில் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்தை மட்டும் வெள்ளைத் துணியின்மேல் அழுத்திப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் வந்தால் உள்ளே பூஞ்சை படிந்திருக்கிறது, தூக்கி எறியுங்கள்.

கேள்வி: கர்நாடகத்துச் சன்னபட்டணா ஊர் மரப் பொம்மைகள்?

பதில்: ஊறப்போடாதீர்கள், அரக்குப் பூச்சு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: மகனின் மழலையர் பள்ளியில் தக்காளிக் காய்ச்சல். வீடெங்கும் சானிடைசர் தெளிக்கிறோம்.

பதில்: 2022இல் கேரளத்தில் அந்தப் பெயரில் பீதி கிளம்பியதே, அது பெரும்பாலும் கை, கால், வாய் நோய்தான். அதற்குக் காரணமான வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை கிடையாது. சானிடைசர் முக்கியமாகத் தாக்குவது அந்த உறையைத்தான், அதனால் அவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது. வாந்தி பேதி தரும் நோரோ வைரஸும் அதே ரகம். இங்கேதான் கிருமிநாசினிக்கு உண்மையான வேலை. முதலில் சோப்பால் அழுக்கை எடுங்கள். அழுக்கின்மேல் ஊற்றும் பிளீச் வீண். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு தேக்கரண்டி திரவ பிளீச் (5 சதவீதம்) கலந்து தடவி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, நன்றாக அலசுங்கள். அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள்: குளோரின் வாயு கிளம்பும். கொப்புளம் ஆறிய பிறகும் மலத்தில் வைரஸ் பல வாரங்கள் வெளியேறும். அதனால் கால் கழுவிவிட்டவுடன் உங்கள் கையையும் சோப்பால் கழுவுங்கள்.

கேள்வி: பூங்கா ஊஞ்சல், பஸ் கம்பி எல்லாவற்றையும் துடைத்துவிட்டே தொடவிடுகிறேன். மாமியார் சிரிக்கிறார்.

பதில்: நான் மாமியார் கட்சி. நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த பிள்ளை அதே கம்பியில் மூக்கைத் துடைத்திருக்கும். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்து மக்களை நடக்கவிட்டார்கள். மனிதர்மீது தெளிக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் சொல்லிவிட்டது. தெருக்களில் தெளிப்பதையும் உலக சுகாதார நிறுவனம் மே மாதத்தில் பரிந்துரைக்க மறுத்தது. ஊஞ்சலை விட்டுவிடுங்கள், பிள்ளையின் கையைக் கவனியுங்கள். வீடு திரும்பியதும், சாப்பிடும் முன்னும் 20 விநாடி சோப்பு.

கேள்வி: மண்ணில் புரண்டால் எதிர்ப்புச் சக்தி வளருமாமே?

பதில்: பாதி உண்மை. அண்ணன் அக்காமார் நிறைய உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமைச் சளி குறைவு, சிறு வயதில் அவர்களிடமிருந்து ஒட்டும் கிருமிகள் காரணமாக இருக்கலாம் என்று 1989இல் பிரிட்டனில் டேவிட் ஸ்டிராக்கன் என்ற ஆய்வாளர் எழுதினார். அதை வைத்து மலக் கிருமியையும் விழுங்கலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். மண்ணில் விளையாடட்டும், செருப்போடு. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகவே ஏறும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.