ஒரு சைவ வாத்தியாருக்குக் கல்வெட்டு எழுதுவது

கடிதம்:

வணக்கம் ஐயா. என் அப்பா சென்ற வாரம் ரொறன்ரோவில் சிவபதம் அடைந்தார். 1957 முதல் 1991 வரை யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிப் பள்ளிக்கூடங்களிலும் சில காலம் மலையகத்திலும் தமிழும் சைவசமயமும் படிப்பித்தவர். தீட்சை பெற்றவர். ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்லுவார். நாங்கள் ஐந்து பிள்ளைகள். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு, அதாவது அப்பாவின் நினைவு நூல், அடிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய கல்வெட்டுகளைப் புரட்டினேன். பெயரை மாற்றினால் எல்லாம் யாருக்கும் பொருந்தும்போல் இருக்கின்றன. அப்பாவை அப்படி எழுத மனம் வரவில்லை. எங்கே தொடங்குவது?
– ஒரு மகள், கனடா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவின் ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறேன். 31ஆம் நாளுக்குள் முழு வாழ்க்கையையும் எழுதிவிட முயலாதீர்கள். அவசரத்தில் எழுதுவதால்தான் கல்வெட்டுகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருகின்றன. அந்தியேட்டிக்கு ஏ5 அளவில் 16 பக்கம் போதும்: படம், திதி வெண்பா, ஒன்றரைப் பக்க வாழ்க்கைச் சுருக்கம், பஞ்சபுராணம், சிவபுராணம், நன்றி நவிலல். விரிவான நினைவு மலரை ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்துக்கு வையுங்கள். அதற்கான விவரங்களை மட்டும் இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். துக்கம் விசாரிக்க வரும் பழைய மாணவர்களும் உடன் படிப்பித்தவர்களும் இன்னும் சில வாரங்களில் கலைந்துபோவார்கள்.

முதலில் திதியை உறுதி செய்யுங்கள். வெளிநாட்டுக் கல்வெட்டுகளில் அதிகம் பிழைப்பது இதுதான். திதி என்பது சூரிய சந்திரரின் இடைவெளிக் கணக்கு. உலகமெங்கும் ஒரே நொடியில் மாறும். ரொறன்ரோவில் ஜனவரி 10 இரவு 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் ஜனவரி 11 காலை 7.30. கோடையில் இந்த வித்தியாசம் பத்தரை மணியிலிருந்து ஒன்பதரை மணியாகக் குறையும். உயிர் பிரிந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிய பிறகே யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். நேரம் நாழிகையில் இருந்தால் சூரிய உதயத்திலிருந்து எண்ணவேண்டும், ஒரு நாழிகை 24 நிமிடம். கனடாவுக்கென்றே கணித்த பஞ்சாங்கமானால் நேரத்தை மாற்றாதீர்கள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளுக்கும் திதி முடியும் நேரத்தில் சில மணித்தியாலம் வேறுபாடு வரலாம். உங்கள் குடும்பத்துக் குருக்கள் எதைப் பின்பற்றுகிறாரோ அதையே எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் திவசம் செய்யப்போவது அந்தக் கணக்கில்தான். இன்னொன்று, ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை முந்திய தமிழ் ஆண்டின் பெயரே நடக்கும். 2025 பெப்ரவரி குரோதி ஆண்டு, விசுவாவசு அல்ல.

வெண்பாவை யாப்புத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, ஊர், பெயர் இவ்வளவையும் எழுதிக் கொடுத்தால் போதும். வெண்பாவில் கனிச்சீர், அதாவது நிரையசையில் முடியும் மூவசைச் சீர், வராது. ஏகாதசி தனியே நின்றால் தேமாங்கனி, திரயோதசி புளிமாங்கனி. அதனால் ‘ஏகா தசியில்’ என்று சீர் பிரித்துத்தான் எழுதுவார்கள். தட்டச்சு செய்பவர் அதைப் பிழை என்று நினைத்துச் சேர்த்துவிடுவார். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை எழுதியவரிடமே காட்டுங்கள்.

இனி வாழ்க்கை வரலாறு. அவர் படிப்பித்த பள்ளிக்கூடங்களை ஆண்டு வரிசையில் எழுதுவதுதான் இதன் முதுகெலும்பு. 1957இல் வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் முதல் நியமனம் அரசாங்கத்துடையதாக இல்லாமலிருக்கலாம். 1923இல் தொடங்கிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் போன்ற ஒரு முகாமையின் கீழ் அவர் சேர்ந்திருக்கக்கூடும். 1960 இறுதியில் இப்படி வேறு முகாமைகளின் கீழ் அரச உதவிப் பணத்தோடு நடந்த உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பல பள்ளிக்கூடங்களின் பெயர்கள் பின்னால் மாறின. ஆகவே அவர் சேர்ந்தபோது இருந்த பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். பேரப்பிள்ளை ஒருநாள் தேடினால் இன்றைய பெயரால்தான் கண்டுபிடிக்கும்.

போரால் நேர்ந்த 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளில் நியமனக் கடிதமும் மாற்றக் கடிதமும் எத்தனையோ அழிந்தன. உங்கள் வீட்டிலும் இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள். ஓய்வூதியக் கடிதத்தில் சேவைக்காலம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகம் தப்பியிருந்தால் அவர் கடமையேற்ற நாள் அதில் பதிவாகியிருக்கும். அதிபருக்கு உத்தேச ஆண்டைக் குறித்து எழுதிக் கேளுங்கள். ஆண்டு குறிக்காமல் கேட்டால் யாரும் தேடிப் பார்க்கமாட்டார்கள். மூன்றாவது வழி, அவரோடு படிப்பித்தவர்களின் கல்வெட்டுகளும் பள்ளிக்கூட ஆண்டு மலர்களும். ‘நூலகம்’ என்ற ஈழத்து எண்ணிம நூலகத்தின் இணையத்தளத்தில் அவை ஏராளமாக இருக்கின்றன. அங்கே ஆசிரியர் குழுப் படம் ஒன்று கிடைத்தாலே ஓர் ஆண்டு உறுதியாகும்.

‘சிறந்த ஆசிரியர், சீரிய சைவர், பாசமுள்ள தந்தை’ என்று எழுதுவதில் பொய் இல்லை, ஆனால் அதில் உங்கள் அப்பாவும் இல்லை. மாணவர்களிடம் ‘வாத்தியார் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் இந்த மூன்று சொல்தான் திரும்பி வரும். அரிவரிப் பிள்ளைக்கு முதல் எழுத்தை மணலில் எழுதுவித்தாரா, சிலேற்றிலா? தேவாரத்தைப் பண்ணோடு படிப்பித்தாரா, வாசிக்கச் செய்தாரா? நன்னூல் சூத்திரத்துக்கு என்ன உதாரணம் சொன்னார்? அடித்தாரா? இப்படிக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். பிரம்பு எடுத்தவர் என்றால் அதையும் எழுதுங்கள், மாணவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள்.

பக்தியையும் இப்படியே செயலாக எழுதுங்கள். சமய தீட்சையோடு நின்றாரா, விசேட தீட்சையும் பெற்றாரா, யாரிடம்? கந்தசஷ்டி ஆறு நாளும் முழு உபவாசமா, ஒரு நேரம் பாலும் பழமுமா? விஜயதசமியன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினாரா? முக்கியமாகப் புராணப் படிப்பு: எந்தக் கோயிலில், எந்த மாதத்தில், பாட்டை வாசித்தவர் யார், அப்பா எந்தப் படலத்தை விரும்பி எடுத்தார்? ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்லும் அந்தக் கலை ஊருக்கு ஊர் மெலிந்து வருகிறது. அவர் பயன் சொன்ன ஒலிப்பதிவு பழைய நாடாவில் எங்காவது கிடந்தால் அதுதான் உங்கள் பெரிய சொத்து. நாடாவைக் கண்டபடி ஓடவிடாதீர்கள், பூஞ்சணம் பிடித்திருந்தால் அறுந்துவிடும். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதியும்படி தெரிந்தவரிடம் கொடுங்கள். அதிலிருந்து ஒரு பாட்டுக்கு அவர் சொன்ன பயனை எழுத்தாக்கி மலரில் போடுங்கள். அவருடைய சொந்த வசனம் இரண்டு பக்கம் இருக்கும் கல்வெட்டை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அப்பா மலையகத்தில் இருந்த ஆண்டுகளில் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைக்குத்தான் வீடு வந்திருப்பார். ஐந்து பிள்ளைகளையும் தோட்டத்தையும் பார்த்தது யார்? சம்பளம் காசுக்கட்டளையில் வந்ததா, கையில் கொண்டுவந்தாரா? எந்த நகை எந்தப் பிள்ளையின் படிப்புக்கு அடகு போனது? அம்மா இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் சித்தி மாமிமாரிடமும் கேட்டு எழுதுங்கள். குடும்பத்தவராக அவர் யார் என்பது அங்கேதான் தெரியும்.

பஞ்சபுராணத்துக்கு வழக்கமான ஐந்து பாட்டுகளைப் பெயர்க்காமல் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்ற வரிசையில் அப்பா வீட்டில் பாடியவற்றையே எடுங்கள். தேவாரத்துக்குப் பண்ணும் தலமும் குறியுங்கள். இணையத்தில் கிடைப்பதை ஒட்டாமல் அச்சு நூலோடு ஒப்பிடுங்கள். பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ரகரம் காலாகும். சிவபுராணம் 95 அடி. அடியை எண்ணிப் பாருங்கள். வயதானவர்கள் கிரியையில் வாசிப்பார்கள், எழுத்து 14 புள்ளிக்குக் குறையவேண்டாம்.

வம்ச வரலாற்றில் இறந்தவர்களுக்கு ஆண்டுகள் போடுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயர் மட்டும் போதும். பேரப்பிள்ளைகளின் பிறந்த திகதி வேண்டாம், மலர் எப்படியும் இணையத்துக்குப் போகும். படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கான் செய்து, பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் தனியே ஸ்கான் செய்யுங்கள். குழுப் படத்தில் இடமிருந்து வலமாகப் பெயர் போடுங்கள். தெரியாத முகத்துக்கு இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து எழுதினால் அதுவே வரலாறாகிவிடும். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை 4இன் பெருக்கமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும்.

அச்சடித்ததும் அவர் படிப்பித்த ஒவ்வொரு பள்ளிக்கூட நூலகத்துக்கும் இரண்டு பிரதி அனுப்புங்கள். மென்பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள்.