கொங்கு நாட்டிலிருந்து உலக அரசியல் ஆய்வு: கேள்வி பதில்

சர்வதேச உறவுகளில் ஆய்வு செய்வது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஈரோடு, முதுகலை மாணவர்: அக்கா, வெளியுறவு ஆய்வுன்னா டெல்லியில இருக்கோணும், தூதர் ரெண்டு பேரையாவது தெரிஞ்சிருக்கோணும்னு சொல்றாங்க. நம்மூர்ல இருந்துட்டே பண்ண முடியாதுங்களா?

தாராளமாக முடியும் தம்பி. டெல்லி தேவைப்படும்போது ரயில் ஏறிக்கொள்ளலாம். திருப்பூரில் அறுபதைத் தாண்டிய ஏற்றுமதியாளர் யாரிடமாவது ‘கோட்டா’ என்று பேச்சை எடுத்துப் பாருங்கள், எழுந்து வர விடமாட்டார். 1974-இல் வந்த பல இழை ஒப்பந்தத்தை வைத்துப் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக உச்சவரம்பு போட்டன. உலக வர்த்தக அமைப்பு தொடங்கிய 1995-இலிருந்து அதைப் படிப்படியாகத் தளர்த்தி, 2005 ஜனவரி 1-இல் முடித்தார்கள். இந்தியாவுக்குக் கிடைத்த அளவை இங்கே பங்கிட்டுக் கொடுத்தது ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம். பழைய ஏற்றுமதிக் கணக்கு உள்ளவருக்குப் பங்கு கிடைக்கும். கிடைத்தவர் அதை இன்னொருவருக்கு விற்கவும் முடிந்தது.

அந்த ஒப்பந்தத்துக்காக ஜெனீவாவில் போட்ட கையெழுத்து, இங்கே யாரைத் தூக்கிவிட்டது, யாரை வாசலிலேயே நிறுத்தியது? முனைவர் பட்டத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும். இதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. முதலில் அவர்களிடம் போய் ஒலிப்பதிவு செய்யுங்கள். கோட்பாட்டைப் பிறகு படித்துக்கொள்ளலாம் (உங்கள் வழிகாட்டி இதை ஒத்துக்கொள்ள மாட்டார்).

திருப்பூர், ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்: ஏனுங்க மேடம், எந்த ஒப்பந்தம் வந்தாலும் ‘நம்ம ஆளுங்க விட்டுக் குடுத்துட்டாங்க’ன்னுதான் பேச்சு. நெசமாவே விட்டுக் குடுத்தாங்களான்னு ஆய்வு பண்ணிச் சொல்ல முடியுமுங்களா?

ஓரளவுக்கு முடியும்ங்க. ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அறிஞர் 1988-இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல தொடக்கம். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் எப்போதும் இரண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார் அவர். ஒன்று வெளிநாட்டுக்காரரோடு, இன்னொன்று சொந்த நாட்டில். உள்ளூரில் கை கட்டப்பட்டிருப்பவர், ‘இதற்கு மேல் நான் ஒத்துக்கொண்டால் ஊரில் விடமாட்டார்கள்’ என்று சொல்லி வெளியே கூடுதலாக வாங்கிவிடவும் முடியும்.

2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி நம் ஆடைகளுக்கு அங்கே வரியில்லை. பதிலுக்கு, ஸ்காட்ச் விஸ்கிக்கு இருந்த 150 சதவீத வரியை முதலில் 75 ஆகவும், பத்தாண்டுக்குள் 40 ஆகவும் குறைக்க ஒப்புக்கொண்டோம். பாலைத் தொடவே விடவில்லை. பால்காரருக்கு இருந்த வலு விஸ்கி காய்ச்சுகிறவருக்கு ஏன் இல்லை என்று கேட்டால்தான் ஆய்வு தொடங்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் சேரவில்லை என்று 2019 நவம்பர் 4-இல் பாங்காக்கில் இந்தியா சொன்னது. நியூசிலாந்துப் பாலுக்குப் பயந்து என்றார்கள் சிலர், சீனச் சரக்குக்குப் பயந்து என்றார்கள் சிலர். இரண்டும் காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. பால்தான் காரணம் என்றால் எந்த மாதம் யார் யாருக்கு எழுதியிருக்க வேண்டும், பால் பிரிவில் நம் நிலை எப்போது இறுகியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு தேட வேண்டும். பத்திரிகையில் வந்த காரணத்தை அப்படியே எடுத்து வைப்பதை நான் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றுங்க. அமெரிக்காவில் உடன்படிக்கைக்குச் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நம் நாட்டில் நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. அதனால் நம் உள்ளூர் மேசையை அமைச்சகங்களிலும் தொழில் சங்கங்களிலும்தான் தேட வேண்டும்.

நாமக்கல், கோழிப்பண்ணைக் குடும்பத்துப் பெண்: அக்கா, எங்க தொழிலுக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

இருக்குது கண்ணு, அதுவும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி அமெரிக்கக் கோழிப் பொருள்களுக்கு இந்தியா தடை போட்டிருந்தது. 2012-இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. எண் டிஎஸ்430. 2014-இலும், மேல்முறையீட்டில் 2015-இலும் இந்தியா தோற்றது. நோய் வந்த பகுதியை மட்டும் விலக்காமல் நாடு முழுவதையும் தடுத்தது, உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிகளோடு ஒத்துப்போகாதது ஆகியவை முக்கியக் குறைகள். தீர்ப்பு வந்தும் விவகாரம் 2023 வரை இழுத்து, கடைசியில் பேசித்தான் முடித்தார்கள். சட்டம் எங்கே நின்றது, ராஜதந்திரம் எங்கே தொடங்கியது என்று பார்க்க இதைவிடத் தெளிவான வழக்கு அதிகம் இல்லை. பண்ணைக் கணக்குத் தெரிந்த நீ படித்தால் டெல்லி மாணவருக்குத் தெரியாதது உன் கண்ணில் படும்.

பொள்ளாச்சி, விவசாயி: பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் இதுல சேருமுங்களா?

சேராதுங்க, அது இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர் ஒப்பந்தம். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும். 1970-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியான அந்த ஒப்பந்தத்தில் 30 ஆண்டுக்கொரு மறுபரிசீலனை உண்டு. கணக்குப்படி அது 1988-இல் வந்திருக்க வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் மோதிக்கொண்டால் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட 1960-இன் சிந்து நதி ஒப்பந்தத்துக்கு உலக வங்கி நடுவில் வர வேண்டியிருந்தது.

கோவை, ஆய்வு மாணவர்: நம்ம ஊர்க்காரர் ஒருத்தரை வெச்சு ஆய்வு பண்ணலாமுங்களா? ஆவணம் எங்க கிடைக்கும்?

ஆர். கே. சண்முகம் செட்டியாரை எடுங்கள். முதல் நிதியமைச்சர் என்று மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் வர்த்தகம் பேசிய 1932 ஒட்டாவா மாநாட்டுக்கும், பன்னாட்டு நிதியம் உருவான 1944 பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்கும் போனவர் அவர். போர்ச் செலவுக்காக பிரிட்டன் நமக்குத் தர வேண்டியிருந்த ஸ்டெர்லிங் கடனை அங்கே இந்தியக் குழு எழுப்பியது, எடுபடவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் பதிவுசெய்து தேடுங்கள். அமெரிக்க வெளியுறவு ஆவணத் தொகுதிகளும் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றை மட்டும் படித்தால், இந்தியா பேசியது அமெரிக்கத் தூதரின் காதில் எப்படி விழுந்ததோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

காங்கேயம், ஒரு அப்பா: பொண்ணு இதைத்தான் படிப்பேங்கறா. சோறு போடுமுங்களா?

உடனே போடாதுங்க. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காவிட்டால் முதல் சில வருடம் உங்கள் கையைத்தான் எதிர்பார்க்கும். கல்லூரி வேலை தவிர, ஏற்றுமதிச் சங்கங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் வர்த்தக விதி தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. புள்ளியியலும் இன்னொரு வெளிநாட்டு மொழியும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.