கடை வாடகைக்கு 18 சதவீதம்: யாரிடம் கட்டுவது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். ரெகுலர் ஜிஎஸ்டி பதிவு உண்டு, மாதா மாதம் 3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடுகிறேன். வாடகை 30,000, அட்வான்ஸ் 3 லட்சம். ஓனருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் 18 சதவீதம் பாக்கி இருப்பதாகவும், ரொக்கமாகக் கொடுத்தால் முடித்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். நான்கு மாதமாகக் கட்டவில்லை. என்ன செய்வது?

பதில்: வாடகை வரி உங்கள் பொறுப்புதான். ஆனால் அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 10.10.2024 முதல், பதிவில்லாத ஓனரிடம் கடை எடுத்திருக்கும் பதிவு பெற்ற வியாபாரியே 18 சதவீதத்தை நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். இதுதான் ரிவர்ஸ் சார்ஜ். உங்களுக்கு மாதம் 5,400. எண் இல்லாத ஓனர் ஜிஎஸ்டி என்று சொல்லி எதையும் வசூலிக்க முடியாது.

ஜிஎஸ்டி போர்ட்டலில் சலான் போடும்போது சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2,700, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) 2,700 என்று 'டாக்ஸ்' கட்டத்தில் நிரப்புங்கள். அவசரத்தில் இன்ட்ரஸ்ட் கட்டத்தில் போட்டுவிட்டு, 3பி-யில் பணம் காட்டவில்லையே என்று தவிப்பவர்கள் நிறைய. பணம் எங்கும் போய்விடாது, பிஎம்டி-09 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். சரக்கு வாங்கியபோது கொடுத்த வரியில் சேர்ந்த கிரெடிட்டை (விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) வைத்து இந்த வரியை அடைக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். 3பி-யில் 3.1(டி)-யில் காட்டுங்கள். அதே 5,400-ஐ 4(ஏ)(3)-இல் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிய பணம் அப்படியே திரும்பி வருகிறது என்றால் இந்தச் சுற்று எதற்கு? சிறு கடைக்காரரின் கைமுதலை முடக்குவதைத் தவிர இதில் வேறு பலன் தெரியவில்லை.

மாதா மாதம் உங்கள் பெயரிலேயே ஒரு செல்ஃப் இன்வாய்ஸ் (ஓனருக்குப் பதில் நீங்களே போடும் வாடகை பில்) போடுங்கள், 30 நாளுக்குள். அது இல்லாமல் கிரெடிட் நிற்காது.

விட்டுப்போன நான்கு மாதத்துக்கு 21,600. அடுத்த 3பி-யிலேயே சேர்த்துக் கட்டலாம். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். அதாவது ஒவ்வொரு 5,400-க்கும் தாமதித்த மாதத்துக்கு 81 ரூபாய். வட்டிக்குக் கிரெடிட் கிடையாது. ஆயிரம் சொச்சத்துக்குள் முடிகிற வட்டியைக் காட்டித்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் கவனம் தேவை. காலி செய்யும்போது திருப்பித் தரும் 3 லட்சத்துக்கு வரி கிடையாது. ஆனால் 'மாதம் 2,000 அட்வான்ஸில் கழியும்' என்று அக்ரிமென்ட்டில் இருந்தால் அந்த 2,000 வாடகைதான், அதற்கும் வரி உண்டு. நம்ம பக்கத்தில் கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது வழக்கம். கையில் பணம் மாறவில்லையே என்று அந்த மூன்று மாதத்துக்கான வரி 16,200-ஐ விட்டுவிடுகிறார்கள். அக்ரிமென்ட்டில் 'திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை' என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு 16.1.2025 முதல் இந்த வரி இல்லை.

நோட்டீஸ் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உடனே நம்பாதீர்கள். போர்ட்டலில் லாகின் செய்து, நோட்டீஸ் பகுதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில் இருப்பது உங்கள் மொபைல் எண்ணா, பதிவு எடுத்துத் தந்தவருடைய எண்ணா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். ஓடிபி அவருக்குப் போகிறது என்றால் உங்கள் பெயரில் அவர் எதை வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம். எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றி, பாஸ்வேர்டையும் புதிதாக வைத்துவிட்டுப் பிறகு சலான் போடுங்கள்.